வரிசை எண் 185

(நெய்யூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



சிறிய பல்கலைக்கழகப் பதிப்பு ஒன்றின் கதை இன்றைய பொருள். பல்கலைக்கழகப் பதிப்பகம் என்றதும் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும்தான் நினைவுக்கு வரும். கேம்பிரிட்ஜுக்கு அச்சிடும் உரிமையை எட்டாம் ஹென்றி மன்னர் 1534இல் கொடுத்தார். முதல் நூல் வந்தது 1584இல். அரசாணையைப் பெட்டியில் வைத்துவிட்டு அரை நூற்றாண்டு ஆறப்போட்டிருக்கிறார்கள். நம்முடைய பல்கலைக்கழகங்களின் வெளியீட்டுத் துறைகளைக் குறை சொல்லும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்வது நியாயம்.

இவ்வுரை எடுத்துக்கொள்வது திருவனந்தபுரத்திலிருந்து வந்த ஒரு நூல் வரிசை. தலைப்பேட்டில் ‘அனந்தசயன சம்ஸ்கிருத கிரந்தாவலி’ என்று இருக்கும். திருவனந்தபுரம் சம்ஸ்கிருத வரிசை என்றால் உலகத்துக்குத் தெரியும். 1905இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கியது, பிறகு பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. தமிழ் மேடையில், அதுவும் நெய்யூரில், சம்ஸ்கிருத நூல்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அந்த வரிசைக்கு உலகப் புகழ் தேடித்தந்த ஓலைகள் பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரையில் கிடைத்தவை. அந்த நூல்களை அச்சிட்ட அரசு அச்சகத்தை ஒருகாலத்தில் நடத்தியவர் இந்த நெய்யூரில் வாழ்ந்தவர். இந்த மண்ணின் பங்கு இவ்வளவு இருந்தும், மாவட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஒரு பதிப்பகத்தை நிலைநிறுத்துவது எது? எந்திரம் என்பார்கள், விற்பனை என்பார்கள், பேரறிஞர் ஒருவர் வேண்டும் என்பார்கள். திருவனந்தபுரத்துக் கதை வேறொன்றைக் காட்டுகிறது. நூலின் முகப்பில் அச்சாகும் வரிசை எண்தான் அதை நிலைநிறுத்தியது. எண் ஒன்று போட்டவுடன் இரண்டுக்குக் கடன் ஏற்பட்டுவிடுகிறது. அரசர் போனார், பதிப்பாசிரியர் போனார், சமஸ்தானமே போனது, எண்கள் நிற்கவில்லை. இதை ஆறு புள்ளிகளாகப் பிரித்துச் சொல்வதே இவ்வுரையின் போக்கு.

1. நெய்யூர்க்காரர் ஒருவரும் அரசு அச்சகமும்

சார்லஸ் மீட் 1818இல் தென் திருவிதாங்கூருக்கு வந்த லண்டன் மிஷன் ஊழியர். 1820களின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் அவர் நிறுவிய அச்சகம் திருவிதாங்கூரின் முதல் அச்சகங்களுள் ஒன்று. ஏறக்குறைய அதே காலத்தில்தான் கோட்டயத்தில் பெஞ்சமின் பெய்லி சர்ச் மிஷன் அச்சகத்தைத் தொடங்கி, மலையாள எழுத்துகளைத் தானே வார்த்துக்கொண்டிருந்தார். மீட் 1828இல் நெய்யூருக்குக் குடிவந்தார். ஊருக்கு வெளியே நெய்யூர் என்றால் மருத்துவமனைதான்: 1838இல் வந்த டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே முதல், எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல் வரை அந்தப் பெயர்வரிசை நீளமானது. அச்சின் வரலாற்றிலும் நெய்யூருக்கு ஓர் இடம் உண்டு.

மிஷன் அச்சகத்தின் வேலை எளிதில் விளங்கும். வேதபாடம், துண்டுப்பிரசுரம், பள்ளிப் புத்தகம். கைக்குக் கை போய்ச் சேரவேண்டிய சிறு நூல்கள். அவற்றுக்கு வாசகர் உண்டு. இல்லாத இடத்தில் பள்ளிக்கூடம் வைத்து வாசகரையும் மிஷனே உண்டாக்கியது. படிக்கக் கற்றுக்கொடுத்தவரே படிக்க நூலும் கொடுத்தார் என்பதுதான் தென் திருவிதாங்கூரின் கல்வி வரலாற்றில் பாதி.

உள்ளூர்க் கிறித்தவக் குடும்பத்துப் பெண்ணை மறுமணம் செய்துகொண்டது மீட்டின் சக ஊழியர்களுக்குப் பொறுக்கவில்லை. 1850களின் தொடக்கத்தில் அவர் மிஷனை விட்டு வெளியேறினார். அவரைத் திருவிதாங்கூர் அரசு விடவில்லை: 1855இல் பள்ளிகளின் கண்காணிப்பாளராகவும் திருவனந்தபுரம் அரசு அச்சகத்தின் கண்காணிப்பாளராகவும் அமர்த்திக்கொண்டது. வெள்ளைக்காரர் சமூகம் ஒதுக்கிய ஒருவர் சமஸ்தானத்தின் ஈய எழுத்துகளுக்குப் பொறுப்பாளரானார். 1873இல் அவர் காலமானார். சம்ஸ்கிருத வரிசையின் முதல் நூல் வரும்போது அவர் போய் முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அதை அச்சிட்டது அவர் மேற்பார்த்த அதே அரசு அச்சகம். எந்திரம், எழுத்து, தொழிலாளர் எல்லாம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தயாராக இருந்தன என்பதற்கு மேல் இந்தத் தொடர்பைப் பெரிதாக்க வேண்டியதில்லை. மிஷன் துண்டுப்பிரசுரத்துக்கும் சம்ஸ்கிருத நாடகாசிரியர் பாசனுடைய நாடகத்துக்கும் நடுவே ஓர் அச்சகப் பரம்பரை உண்டு என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும்.

2. மன்னர்களுக்குள் ஒரு போட்டி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்திய சமஸ்தானங்களுக்குள் ஒரு நல்ல பொறாமை பிறந்தது. மைசூர் 1891இல் கீழ்த்திசை நூலகத்தை நிறுவியது. அங்கே நூலகராக இருந்த ஆர். சாமசாஸ்திரி, தஞ்சைப் பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த சுவடியைக் கொண்டு கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தை 1909இல் அச்சேற்றினார். உலகம் மைசூரைத் திரும்பிப் பார்த்தது. பரோடா தன் கெயிக்வாட் வரிசையை 1916இல் தொடங்கியது. யானையும் குதிரையும் காட்டிப் பெருமை கொள்ளும் காலம் மாறி, எங்கள் கொட்டடியில் என்ன ஏடு இருக்கிறது என்று காட்டும் காலம் வந்துவிட்டது.

திருவிதாங்கூர் பின்தங்கவில்லை. ஸ்ரீமூலம் திருநாள் ஆட்சியில் 1905இல் முதல் எண் வெளிவந்தது. ‘தைவம்’ என்ற இலக்கண நூலும் அதன் உரையும். வினைவேர்களைப் பற்றிய நூல். விற்பனைக்காக யாரும் இதைக் கொண்டு தொடங்கமாட்டார்கள். 1908இல் சுவடிப் பதிப்புக்குத் தனித் துறையே அமைந்தது.

அத்துறையின் தலைவர் த. கணபதி சாஸ்திரி. 1860இல் திருநெல்வேலிச் சீமையின் தருவையில் பிறந்து, திருவனந்தபுரம் சென்று, அங்குள்ள சம்ஸ்கிருதக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அவர் காலத்தில் மட்டும் எண்பதுக்கும் மேற்பட்ட எண்கள் வந்தன. ஏறத்தாழ இருபது ஆண்டு. ஆண்டுக்கு நான்கு சுவடிகள்: ஏடு தேட வேண்டும், படியெடுக்க வேண்டும், பாடம் ஒப்பிட வேண்டும், அச்சுக்கோப்பவரின் கையெட்டும் தூரத்தில் நின்று மெய்ப்புப் பார்க்க வேண்டும். உதவியாளர் இருந்தாலும் இது மனித அளவை மீறிய வேகம். அந்த வேகத்தின் விலை என்ன என்பது பின்னால் வரும்.

3. மணலிக்கரை மடத்து ஏடு

1909. ஏடு தேடிச் செல்லும் வழக்கமான பயணங்களில் ஒன்றில், பத்மநாபபுரத்துக்கு அருகே மணலிக்கரை மடத்தில் ஓர் ஓலைக்கட்டு கிடைத்தது. 105 ஏடுகள். மலையாள எழுத்து. ஏட்டின் வயது முந்நூறு ஆண்டு இருக்கும் என்று சாஸ்திரி மதிப்பிட்டார். உள்ளே பத்து நாடகங்கள் முழுதாக இருந்தன, பதினொன்றாவதின் தொடக்கமும் இருந்தது. பிற இடங்களில் கிடைத்தவற்றையும் சேர்த்து மொத்தம் பதின்மூன்று.

நாடகங்களில் ஆசிரியர் பெயர் இல்லை. வழக்கமாக முன்னுரையில் சூத்திரதாரன் வந்து, இன்னாருடைய நாடகம் இன்று நடக்கிறது என்பான். இங்கே அது கிடையாது. ஆனால் ஒன்றின் பெயர் ‘சொப்பன வாசவதத்தம்’. காளிதாசனே தன் நாடகத்தின் தொடக்கத்தில் பெயர் சொல்லி வணங்கும் முன்னோன் பாசன். அந்தப் பாசனுடைய சொப்பன வாசவதத்தத்தை நெருப்பும் எரிக்கவில்லை என்பது ராஜசேகரனின் பாராட்டு. பாராட்டு மட்டும் மிஞ்சியிருந்தது, நூல் இல்லை. சூத்திரதாரன் நுழைவோடு நாடகங்களைத் தொடங்கியவன் பாசன் என்று பாணன் சொன்ன குறிப்பும் இந்தப் பதின்மூன்றுக்கும் பொருந்தியது. இவை பாசனுடையவை என்று சாஸ்திரி தீர்ப்பளித்தார். 1912இல் வரிசை எண் 15 ஆகச் சொப்பன வாசவதத்தம் வெளிவந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாகப் பெயராக மட்டுமே இருந்த நாடகாசிரியர், மணலிக்கரை அடங்கிய கல்குளம் தாலுகாவிலிருந்து எழுந்துவந்தார்.

சண்டை உடனே மூண்டது. இவை பாசனுடையவை அல்ல, கேரளத்துக் கூத்துக் கலைஞர்களான சாக்கியார்கள் மேடைக்காக வெட்டித் தைத்த வடிவங்கள் என்று ஒரு பக்கம். சில மட்டும் அவனுடையவை என்று இன்னொரு பக்கம். இன்றுவரை முழுதாகத் தீராத வழக்கு அது. பதிப்பு வரலாற்றின் கண்ணோடு பார்த்தால் அந்தச் சண்டைதான் வரிசையின் வெற்றி. மூல நூல் அச்சில் இருந்ததால்தான் எதிர்ப்பவர்களுக்கு எதிர்க்க ஏதோ கிடைத்தது. ட்யூபிங்கன் பல்கலைக்கழகம் சாஸ்திரிக்கு மதிப்புறு முனைவர் பட்டம் தந்தது. 1930இலும் 1931இலும் உல்னரும் லட்சுமண் சரூப்பும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது பாசனுடைய நாடகங்கள் என்று தலைப்பிடத் துணியவில்லை. பாசனுடையவை எனப்படும் பதின்மூன்று திருவனந்தபுரம் நாடகங்கள் என்று எச்சரிக்கையோடு பெயர் வைத்தார்கள். அதை வெளியிட்டது லாகூரில் இருந்த பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை வரிசை. ஆக, ஒரு சிறிய வரிசையின் நூல் இன்னொரு சிறிய வரிசையின் நூலைப் பெற்றது. பல்கலைக்கழகப் பதிப்புகளின் வாசகர் பெரும்பாலும் இன்னொரு பதிப்பாசிரியர்தான் என்று யாராவது குறைபட்டால் இதைக் காட்டலாம்.

வாசகர் அங்கேயே நிற்கவும் இல்லை. காவாலம் நாராயணப் பணிக்கரும் மணிப்பூரின் ரத்தன் தியாமும் பாசனை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். தொடை முறிந்து கிடக்கும் துரியோதனனை மேடையிலேயே சாகவிடும் ‘ஊருபங்கம்’ இந்திய நவீன நாடகத்தின் முக்கியமான பிரதிகளில் ஒன்றாகிவிட்டது. பாரதக் கதையைத் தோல்பாவைக் கூத்திலும் வில்லுப்பாட்டிலும் கேட்டு வளர்ந்த நாஞ்சில் நாட்டுக்கு, துரியோதனன் மீது இரக்கம் கொள்ளும் இந்த நாடகம் இங்கிருந்து போனது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதே மடத்தில் இன்னொரு வியப்பும் கிடைத்தது: ‘ஆரிய மஞ்சுஸ்ரீ மூலகல்பம்’ என்ற பௌத்தத் தந்திர நூல். தேவநாகரி எழுத்தில் பனையோலை. வடக்கிலிருந்து வந்த பௌத்த விகாரத் தலைவர் ஒருவர் எழுதியது என்பது ஏட்டின் முடிவிலிருந்து தெரிகிறது. இம்மாவட்டத்துச் சிதறாலில் சமணப் படிமங்களைப் பார்த்தவர்களுக்கு இது அவ்வளவு வியப்பாக இருக்காது. ஆனாலும் பௌத்தம் மறைந்துபோன நாட்டில் ஒரு மடத்தின் பரணில் அந்த ஏடு எப்படிப் பிழைத்துக் கிடந்தது என்பது யோசிக்க வேண்டிய விஷயம். சாஸ்திரி அதை மூன்று பகுதிகளாக 70, 76, 84 ஆகிய எண்களில் 1920க்கும் 1925க்கும் இடையே வெளியிட்டார். அதில் அரசர்களைப் பற்றிப் பேசும் அத்தியாயத்தை வைத்துப் பாட்னாவில் இருந்த கே.பி. ஜயஸ்வால் 1934இல் வட இந்தியப் பேரரசுகளின் வரலாற்றையே எழுதினார். மணலிக்கரை ஏடு பாட்னாவில் வரலாறாயிற்று.

மணலிக்கரைக்கு எழுத்து புதிதல்ல. வரி தண்டுவது பற்றிய 1235ஆம் ஆண்டு வேணாட்டுக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. அதை ஆராய்ந்து ஆங்கிலத்தில் எழுதியவர் ‘மனோன்மணீயம்’ தந்த பெ. சுந்தரம் பிள்ளை.

4. எண் 101, எண் 110, எண் 185

இவ்வுரையின் நடுப்புள்ளி இதுதான். புகழ் பெற்ற நூல்களால் ஒரு பதிப்பகத்தை அளப்பது எளிது. பாசன் கிடைத்தால் யாரும் அச்சிடுவார்கள். அர்த்தசாஸ்திரத்தை மைசூர் அச்சிட்ட பிறகு, கணபதி சாஸ்திரி தன் சொந்த உரையோடு 1924, 1925 ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக மறுபடி வெளியிட்டார். மன்னர் பெயரையே உரைக்கு வைத்து ‘ஸ்ரீமூலா’ என்றார். இவையெல்லாம் கொடி ஏற்றிய நாள்கள். கொடி இல்லாத நாள்களில் என்ன நடந்தது?

சாஸ்திரி 1926இல் மறைந்தார். அடுத்து வந்தவர் கே. சாம்பசிவ சாஸ்திரி. அவர் கையில் எடுத்தது நீலகண்ட சோமயாஜி, ஆரியபடரின் கணித நூலாகிய ஆர்யபடீயத்துக்கு எழுதிய பேருரை. நீலகண்டர் 1444இல் பிறந்தவர், பொன்னானிப் பக்கத்துத் திருக்கண்டியூர்க்காரர். வட்டத்தின் விட்டத்துக்கும் சுற்றளவுக்கும் ஆரியபடர் சொன்ன 20,000க்கு 62,832 என்ற கணக்கை ‘நெருங்கியது’ என்று ஏன் சொன்னார் என விளக்கும் இடம் அந்த உரையில் புகழ் பெற்றது: எந்த அளவுகோலால் விட்டம் மிச்சமின்றி அளக்கப்படுமோ, அதே அளவுகோலால் சுற்றளவை அளந்தால் மிச்சம் வந்தே தீரும், எவ்வளவு நுணுக்கினாலும் மிச்சம் சிறியதாகுமே தவிர இல்லாமல் போகாது. மேற்குலகம் இதற்குக் கணித நிரூபணம் கண்டது பதினெட்டாம் நூற்றாண்டில்.

உரையின் முதற்பகுதி, கணித பாதம், எண் 101 ஆக 1930இல் வந்தது. இரண்டாம் பகுதி, காலக்கிரியா பாதம், எண் 110 ஆக 1931இல் வந்தது. மூன்றாம் பகுதியாகிய கோள பாதத்துக்கு வாசகர் காத்திருக்க வேண்டியிருந்தது.

காத்திருந்த காலத்தில் உலகம் புரண்டது. 1937இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. சி.பி. ராமசாமி ஐயர் முதல் துணைவேந்தர். சுவடிப் பதிப்புத் துறை அரசிடமிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறியது; அரண்மனை நூலகத்து ஏடுகளும் அங்கே வந்து சேர்ந்தன. போர் வந்தது, காகிதத் தட்டுப்பாடு வந்தது. சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1956 நவம்பர் 1இல் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. பதிப்புத் துறை எல்லைக்கு அந்தப் பக்கம். மணலிக்கரை இந்தப் பக்கம். 1957இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் கேரளப் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது.

அதே 1957இல் சூரநாடு குஞ்ஞன் பிள்ளை பதிப்பித்த கோள பாதம் வெளிவந்தது. எண் 185.

இருபத்தாறு ஆண்டுக்குப் பிறகு வந்த மூன்றாம் பகுதி. முதல் இரண்டையும் வாங்கியவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்? வணிகப் பதிப்பாளர் எவரும் இதைச் செய்யமாட்டார், செய்யவும் கூடாது. அவருக்குக் குடும்பம் இருக்கிறது. அரசர் பெருமைக்காகத் தொடங்கியது பல்கலைக்கழகத்தின் கடமையாக மாறிய தருணம் அந்தப் பகுதியில் தெரிகிறது. பெருமைக்கு அச்சிடுபவர் முதற்பகுதியோடு நிறுத்தியிருக்கலாம். வரிசை எண் போட்டுவிட்டவர் நிறுத்த முடியாது: நூலகங்களின் அலமாரியில் முதலிரண்டு பகுதிகள் கேள்வி கேட்டுக்கொண்டே நிற்கும்.

1958இல் நீலகண்டருடைய ‘தந்திர சங்கிரகம்’ எண் 188 ஆக வந்தது. மாதவர் தொடங்கிய கேரளக் கணித மரபை உலகம் பின்னாளில் பாடப்புத்தகத்தில் சேர்க்க இந்த எண்கள் அடித்தளமாயின. 1830களிலேயே விஷ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி இதைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தார், யாரும் பொருட்படுத்தவில்லை. மூல நூல்கள் அச்சில் வந்தபின் நிலைமை வேறு.

5. தமிழ்ப் பக்கம்

திருவனந்தபுரத்துப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு என்ன கிடைத்தது என்பது நியாயமான கேள்வி. சம்ஸ்கிருத வரிசையோடு ஒப்பிட்டால் குறைவுதான். தமிழ்த் துறையே வள்ளல் அழகப்பச் செட்டியாரின் நன்கொடையில் தொடங்கியது. 1951 முதல் 1954 வரை ச. வையாபுரிப் பிள்ளை அங்கே தமிழ்ப் பேராசிரியர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனை முடித்துக்கொடுத்த கை அது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதி, 1939இல் பின்னிணைப்பு, லட்சத்துக்கு மேல் சொற்கள். வரிசையை முடிப்பது என்றால் என்ன என்று தமிழில் அவரைவிட அதிகம் அறிந்தவர் அன்று இல்லை. சென்னைப் பல்கலைக்கழக வெளியீடுகளில் நாஞ்சில் நாட்டுக் கையும் உண்டு: கே.என். சிவராஜ பிள்ளை சங்க இலக்கியக் காலத்தை ஆராய்ந்து ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1932இல் அங்கிருந்துதான் வந்தது.

நாகர்கோவில் வடசேரியில் 1926இல் பிறந்த வ.அய். சுப்பிரமணியம், இண்டியானாவில் மொழியியல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைக்குத் தலைவரானார். 1962இல் அப்பல்கலைக்கழகம் வெளியிட்ட அவருடைய புறநானூற்றுச் சொல்லடைவு, கதை கவிதை எதையும் எதிர்பார்ப்பவரை ஏமாற்றும் நூல். உ.வே. சாமிநாதையர் 1894இல் அச்சேற்றிய நானூறு பாட்டின் சொல் ஒவ்வொன்றும் எங்கெங்கே எந்த உருவில் வருகிறது என்ற பட்டியல். தமிழ் எழுத்துகூட இல்லை. ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்தது. வாங்குபவர் சிலர், பயன்படுத்துபவர் எல்லாரும் என்ற வகை. இன்று கணினியில் ஒரு நொடியில் தேடும் தலைமுறைக்கு, அட்டைகளில் ஒவ்வொரு சொல்லாக எழுதி அகரவரிசைப்படுத்திய உழைப்பு புரியாமல் போகலாம். அவர் வழிகாட்டலில் மாணவர் பலர் மற்றப் பழந்தமிழ் நூல்களுக்கும் இலக்கண விவரிப்பும் சொல்லடைவும் செய்தனர். ஒரு வரிசை உருவாகிக்கொண்டிருந்தது. ஆனால் அட்டையில் எண் இல்லை. பல ஆய்வேடுகள் தட்டச்சு நிலையிலேயே நின்றன. தமிழ்ப் பக்கம் பலவீனப்பட்டதற்கு இதுவே பெரிய காரணம் என்பது இவ்வுரையின் கருத்து. ஆள் இருந்தார், உழைப்பு இருந்தது, அடுத்த எண்ணுக்குக் கடன்பட்ட துறை இல்லை.

சுப்பிரமணியமே 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகப் போனபோது இந்தப் பாடம் நினைவிருந்திருக்க வேண்டும். அங்கே பதிப்புத் துறை உண்டு, சொந்தமாக மறுதோன்றி அச்சகம் உண்டு, நூலின் உள்பக்கத்தில் பல்கலைக்கழக வெளியீட்டு எண் உண்டு. அறிவியல் களஞ்சியம் 19 தொகுதி, வாழ்வியற் களஞ்சியம் 15 தொகுதி. ஒரு துணைவேந்தர் காலத்தில் முடியக்கூடியவை அல்ல என்று தெரிந்தே தொடங்கியவை.

6. குறைகளும் ஒரு விண்ணப்பமும்

திருவனந்தபுரத்து வரிசையின் குறைகளைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. வேகத்தின் விலை அங்கே தெரியும். ஒற்றைச் சுவடியை வைத்துப் பதிப்பித்தவை உண்டு. பாடபேதக் குறிப்பு இன்றைய அளவுக்குப் போதாது. ஏடு யாருடைய வீட்டில் எந்த நிலையில் கிடைத்தது என்ற விவரம் சில முன்னுரைகளில் இரண்டு வரியோடு முடிந்துவிடும். படியெடுத்தவர்களின் பெயர்கள் வரலாற்றில் இல்லை. அச்சிட்ட பிரதி தீர்ந்தபின் மறுஅச்சுக்கு யாரும் கவலைப்படவில்லை. டெல்லிப் பதிப்பாளர்கள் சிலவற்றை மறுஅச்சிட்டுக் காசு பார்த்தார்கள். பழைய எண்கள் பல இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்தவர்களும் வெளியார்தான்.

இந்த மாவட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது என்பது பலமுறை மாறிவிட்டது. 1990 முதல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், திருநெல்வேலி. திருவனந்தபுரத்தில் பாடம் சொன்ன பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் பெயரைத் தாங்கியது என்பதில் ஒரு பொருத்தம் உண்டு. நாகர்கோவிலில் காலச்சுவடு போன்ற தனியார் பதிப்பகம் இருக்கும்போது பல்கலைக்கழக வரிசை எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். கேள்வியில் வலு இருக்கிறது. அழகியபாண்டிபுரம் பெரிய வீட்டு முதலியார் ஓலைகளைக் கண்டு எழுதியவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. அவற்றை விரிவாக நூலாக்கியவர் அ.கா. பெருமாள், வெளியிட்டது தனியார் பதிப்பகம். பல்கலைக்கழகம் அந்த வேலையில் இல்லவே இல்லை. நல்ல நூல், வாசகரும் கிடைத்தார்கள். வாசகர் கிடைக்காத நூலுக்குத்தான் வரிசை வேண்டும்: பட்டியல், அடைவு, கோள பாதம் போன்ற மூன்றாம் பகுதி.

அப்படி ஒரு வரிசை இங்கே தொடங்குவதானால் முதல் எண் எதுவாக இருக்க வேண்டும் என்பதற்கு இவ்வுரை ஒரு விடை வைத்திருக்கிறது. கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டத்துச் சுவடி நூலகத்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகள் இருக்கின்றன. அவற்றுள் இந்த நான்கு பழைய தாலுகாக்களிலிருந்து போனவை எவை, எந்த வீட்டிலிருந்து, எந்த மடத்திலிருந்து என்று தனியே ஒரு விளக்கப் பட்டியல். தமிழ், மலையாளம், கிரந்தம், வட்டெழுத்து ஆகிய நான்கு எழுத்தும் படிக்கத் தெரிந்த இரண்டு மூன்று பேர் வேண்டும். கல்லூரிகள் ஆளுக்கு ஒரு மாணவரை இரண்டு ஆண்டுக்கு விட்டுக்கொடுத்தால் பயிற்சியும் ஆகும், பட்டியலும் ஆகும். அச்சுச் செலவு இந்த அறக்கட்டளையின் வட்டிக்குள் அடங்கும் என்று நிறுவனர் குடும்பத்தார் சொல்கிறார்கள். இரணியலில் காலை ரயிலைப் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்குள் காரியவட்டம் போய்விடலாம்.